சிலிண்டர் தூக்குற அம்மாவுக்கு ஜிம் எதுக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

மெட்ரோவுலயோ, பஸ்லயோ, இல்ல பாத்திரம் கழுவிக்கிட்டோ இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. உங்கள்ல நிறைய பேருக்கு இருபத்தஞ்சு, முப்பது வயசுதான் இருக்கும். தலைப்பைப் பார்த்துட்டு "இது நமக்கு இல்ல"ன்னு அடுத்த எபிசோடுக்குப் போயிடாதீங்க. உங்க வீட்ல ஒரு அம்மா இருப்பாங்க. ஒரு அத்தை, சித்தி, இல்ல மாமியார் இருப்பாங்க. அவங்களுக்காகத்தான் பேச வந்திருக்கேன்.

எனக்கு இப்ப 49 வயசு. சென்னையில ஒரு பேங்க்ல வேலை. நான் டாக்டர் இல்ல, ட்ரெய்னரும் இல்ல. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் ஜிம் வாசல்ல செருப்பைக்கூட கழட்டினது கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை

மூணு வருஷம் முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மாவுக்கு அப்ப 73 வயசு. குளிக்கப் போனவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. வீட்ல நானும் அவங்களும் மட்டும்தான். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தா, ஈரப் பாவாடையோட தரையில கிடக்கிறாங்க. எழுந்திருக்க முடியல.

நான் போனை எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஆம்பளை யாரையும் கூப்பிடாதடி. நீயே தூக்கி விடு"ன்னு சொன்னாங்க.

அக்குள்ல கை குடுத்துத் தூக்கினேன். முடியல. பின்பக்கமா போய்த் தூக்கினேன். அதுவும் முடியல. மூணாவது தடவை என் காலே வழுக்கிடுச்சு. அம்மாவோட எடை 58 கிலோ. என்னைப் பெத்து, இடுப்புல தூக்கி வளர்த்தவங்களை என்னால ஒரு அடி உயரத்துக்குத் தூக்க முடியல.

கடைசியில ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, கீழ இருந்த வாட்ச்மேன் அண்ணாவையும் எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட்டேன். அவங்க உள்ள வந்தப்ப அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. அந்த மூடின கண்ணை என்னால இன்னும் மறக்க முடியல.

இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்தது. ஆபரேஷன் நடந்தது. அப்புறம் வந்த பிசியோதெரபிஸ்ட் என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க: "விழுந்தவங்களுக்கு எலும்பு முறிஞ்சிருக்கலாம்னா அப்படி இழுத்துத் தூக்கவே கூடாது. உங்களால முடியாம போனது ஒரு விதத்துல நல்லது." இதை நீங்களும் ஞாபகம் வச்சுக்கோங்க. யாராவது விழுந்தா முதல்ல ஆம்புலன்ஸ், 108.

அவங்க இன்னொரு கேள்வியும் கேட்டாங்க. "அம்மா தரையில உட்கார்றதை எப்ப நிறுத்தினாங்க? கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்தது கடைசியா எப்ப?" யோசிச்சுப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நாங்க எல்லாரும் அதை "வயசாகுது"ன்னு சொல்லிட்டு விட்டுட்டோம். அந்த ராத்திரி என் கட்டில்ல உட்கார்ந்து கையை ஊன்றாம எழுந்து பார்த்தேன். எனக்கு அப்ப 46. முதல் தடவை எழவே முடியல.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

முப்பது வயசுக்கு அப்புறம் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் நம்ம தசை சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை குறையுது. அதைத் தடுக்க நாம எதுவும் செய்யலைன்னா நடக்கிறது இது. அறுபதுக்கு மேல இன்னும் வேகமா குறையும்.

எலும்புக் கதை பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் மோசம். எலும்பு தினமும் கொஞ்சம் கரையுது, கொஞ்சம் புதுசா கட்டப்படுது. கரையற வேகத்தைக் கட்டுக்குள்ள வச்சிருக்கிறது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதவிடாய் நின்னதும் அது சரியுது. அதுக்கப்புறம் வர்ற ஐந்து, ஏழு வருஷத்துக்குள்ள எலும்பு அடர்த்தியில 20 சதவீதம் வரைகூட இழக்கலாம். மேலை நாடுகள்ல மாதவிடாய் நிற்கும் சராசரி வயசு 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47-லயே நின்னுடுது. அதாவது, அந்த இழப்பு நமக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுடுது.

இதுல எதுவும் வலிக்காது. அதுதான் பிரச்சனை. சுகர், பிரஷர்னா டெஸ்ட் எடுத்து ஒரு நம்பர் பார்க்கிறோம். தசை போறதை யாரும் பார்க்கிறது இல்ல. மாடிப்படியில கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பிப்பாங்க. பலசரக்குப் பையை ரெண்டா பிரிப்பாங்க. கோயில்ல கீழ உட்காராம ஓரமா நின்னுப்பாங்க. வீட்ல யாரும் கவனிக்க மாட்டோம்.

"வீட்டு வேலையே போதாதா?"

எல்லா வீட்லயும் வர்ற கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. நிறைஞ்ச ஒரு கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை உருட்டி, தூக்கி அடுப்பு பக்கத்துல வைக்கிறது யாரு? அம்மாதான். குடம் தூக்குறாங்க, அரிசி மூட்டை நகர்த்துறாங்க. அப்புறம் ஜிம் எதுக்கு?

தசையும் எலும்பும் பழகின சுமைக்கு மேல கொஞ்சம் கூடுதலா வரும்போதுதான் பலப்படும். இன்னிக்கு 5 கிலோ, மூணு வாரம் கழிச்சு 6, அப்புறம் 8-ன்னு ஏறணும். வீட்டு வேலை அப்படி ஏறாது. இருபது வருஷமா அதே குக்கர், அதே பக்கெட். சிலிண்டர் மாசத்துக்கு ஒரு தடவை வருது, அதுவும் முதுகை வளைச்சு அவசரமா இழுக்கிறோம். வீட்டு வேலை நம்மளைக் களைப்பாக்கும். பலமாக்காது. ரெண்டும் வேற வேற.

நடைப்பயிற்சியும் அப்படித்தான். இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. ஆனா எலும்பை உலுக்கி எழுப்ப அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, நடை மாதிரியான பயிற்சிகளோட வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்யணும்னு தனியா சொல்லியிருக்கு. முதல் பாதியை எல்லா டாக்டரும் சொல்றாங்க. ரெண்டாவது பாதி நம்ம அம்மாக்கள் காதுக்கு வர்றதே இல்ல.

ஆஸ்திரேலியாவுல தூக்கிப் பார்த்தாங்க

"எலும்பு தேய்ஞ்சவங்க கனமா எதையும் தூக்கக் கூடாது"ன்னுதான் ரொம்ப காலமா அறிவுரை. ஆஸ்திரேலியாவுல கிரிஃபித் பல்கலைக்கழகத்துல பெலிண்டா பெக்னு ஒரு பேராசிரியர். அவங்க குழு இந்த அறிவுரையைச் சோதிச்சுப் பார்த்தது. மாதவிடாய் நின்ன, எலும்பு அடர்த்தி குறைஞ்ச 101 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு எட்டு மாசம், வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம் பயிற்சி. டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல தூக்குற பிரஸ், குதிச்சு இறங்குற ஒரு பயிற்சி. பிங்க் டம்பெல் எல்லாம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா பழக்கி, அவங்களால ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில 85 சதவீதத்துக்கும் மேல, பயிற்சியாளர் கண்காணிப்புல தூக்க வச்சாங்க.

2018-ல முடிவு வெளிவந்தது. தூக்கினவங்களோட முதுகெலும்பு அடர்த்தி சுமார் 2.9 சதவீதம் கூடியிருந்தது. வீட்ல லேசான பயிற்சி செஞ்ச இன்னொரு குழுவுக்கு 1.2 சதவீதம் குறைஞ்சிருந்தது. பயிற்சியால யாருக்கும் எலும்பு முறியல. "கண்காணிப்புல"ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க. யூடியூப் பார்த்து நாளைக்கே அம்மா தோள்ல பார்பெல் வைக்கச் சொல்ற ஆய்வு இல்ல இது.

"அம்மாவுக்கு லேட் ஆயிடுச்சே"ன்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. 1990-ல அமெரிக்காவுல, பாஸ்டன் பக்கம், முதியோர் இல்லத்துல இருந்த பத்து பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி குடுத்தாங்க. அவங்க சராசரி வயசு 90. கால் பலம் சராசரியா ரெண்டரை மடங்குக்கும் மேல போச்சு. தொண்ணூறு வயசுல!

"ஆண்ட்டி, உங்களுக்கு இது போதும்"

என் கதைக்கு வர்றேன். என்னை ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போனது என் பொண்ணு. அவளுக்கு அப்ப 23, வேலைக்குச் சேர்ந்த புதுசு. "ஆஃபர்மா. ஒருத்தர் சேர்ந்தா இன்னொருத்தர் ஃப்ரீ. வீணாப் போகுது, வா"ன்னா. வீணாப் போகுதுன்னு சொன்னா நம்ம வீட்ல யாருதான் வர மாட்டாங்க? அப்படி ஒரு ஆஃபரே இல்ல, அவ சம்பளத்துல ரெண்டு பேருக்கும் கட்டினான்னு ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது.

முதல் நாள், சுடிதார்ல போனேன். சுத்தியும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே தெரியறேன். அங்க இருந்த பையன் என்னை ட்ரெட்மில்லுல ஏத்திட்டு, கையில ஒரு கிலோ டம்பெல் குடுத்து, "ஆண்ட்டி, உங்களுக்கு இது போதும்"னான். லஞ்ச் பாக்ஸ், தண்ணி பாட்டில், குடையெல்லாம் சேர்ந்து என் ஹேண்ட்பேக்கே மூணு கிலோ இருக்கும்!

ரெண்டு வாரத்துல இடம் மாத்தினோம். ஒரு பெண் பயிற்சியாளர் கிடைச்சாங்க. அவங்க முதல் வேலையா, டாக்டரைப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க: "தும்மும்போது, குதிக்கும்போது யூரின் கசியுதா?" என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. கசியும். பொண்ணு பிறந்ததிலிருந்தே. என் தோழிகள்ல பாதிப் பேருக்கு இருக்கு, யாரும் பேசிக்கிறதில்ல. இடுப்புத்தளத் தசைக்குன்னே பயிற்சி இருக்கு, அதுக்கு பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க. ஆறு மாசத்துல எனக்கு ரொம்பவே குறைஞ்சது.

மத்த பயங்களை வேகமா சொல்லிடறேன். ஆம்பளை மாதிரி உடம்பு வராது, அதுக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் பெண்கள்கிட்ட ரொம்பக் கம்மி. முட்டி வலி இருந்தா அதுக்கேத்த பயிற்சியைத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் செய்யலாம், தொடைத் தசை பலமானா முட்டியோட பாரம்தான் குறையும். பிரஷர் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு, மூச்சை அடக்காம தூக்கணும். சாப்பாட்டுல ஒரே ஒரு மாற்றம்: எல்லாருக்கும் பரிமாறிட்டு மிஞ்சின ரசம் சாதத்துல தசை வளராது. முட்டையோ, சுண்டலோ, பருப்போ, மீனோ, அம்மா தட்டுக்கு முதல்ல வரணும்.

"பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு கேட்கிறவங்களும் இருக்காங்க. பளு தூக்குதல் 1896-லயே ஒலிம்பிக்ல இருந்தது. பெண்களை அதுல சேர்த்தது 2000-ல, சிட்னியில. அந்த முதல் தடவையே 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாங்க கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண் அவங்கதான். இளவட்டக்கல் ஆம்பளைங்க சமாச்சாரம்னு நினைச்சுட்டு இருக்கோம். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில பொங்கலுக்கு நடக்கிற போட்டியில பெண்களும் அதைத் தூக்குறாங்க.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது

வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். அஞ்சு அசைவு. நாற்காலியில உட்கார்ந்து எழுவது. இடுப்பை மடக்கி, முதுகை நேரா வச்சு, தரையிலிருந்து ஒண்ணைத் தூக்குவது. சுவத்துல கை வச்சுத் தள்ளுவது. ஒரு பையையோ ரப்பர் பட்டையையோ தன் பக்கமா இழுப்பது. ரெண்டு கையிலயும் எடையோட நடப்பது. ஒவ்வொண்ணும் எட்டு, பத்து தடவை. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும். அது சுலபமாயிட்டா கொஞ்சம் கூட்டணும். இவ்வளவுதான்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல வீடியோ ஃபார்வர்ட் பண்ணாதீங்க. கூடப் போங்க. முதல் ஒரு மாசம் மட்டும். எனக்கு அந்த ஜிம்முக்குள்ள முதல் மாசம் தைரியம் குடுத்தது என் பொண்ணு பக்கத்துல நின்னதுதான்.

நான் 12 கிலோ கெட்டில்பெல்லோட ஆரம்பிச்சேன். பத்தாவது மாசம் ஒரு நாள், பயிற்சியாளர் பார்ல 60 கிலோ மாட்டினாங்க. அம்மாவோட எடை 58-ன்னு சொன்னேன் இல்லையா. குனிஞ்சேன், பிடிச்சேன், எழுந்தேன். மனுஷங்களைத் தூக்குறது கம்பியைத் தூக்குற மாதிரி இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கீழ வச்சுட்டு ஒரு ஓரமா போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கேட்டாங்க, "அவ்வளவு வெயிட்டைத் தூக்கி என்னடி பண்ணப் போற?" பதில் சொல்லல. அந்தப் பாத்ரூமைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினது இல்ல.

அம்மாவுக்கு இப்ப 76. வாக்கர் போய், கைத்தடிக்கு வந்திருக்காங்க. தினமும் சாயங்காலம் சீரியலுக்கு முன்னாடி, சுவரோரம் போட்ட நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து எழுவாங்க. ஆரம்பத்துல ரெண்டு. இப்ப எட்டு. நான்தான் எண்ணுவேன். நடுவுல ஒண்ணு விட்டுட்டா சண்டைக்கு வருவாங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்லயும் அதைச் செஞ்சு பாருங்க. நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. அம்மா கையை மார்பு மேல குறுக்கா கட்டிக்கட்டும். 30 விநாடியில எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு எண்ணுங்க, பக்கத்துலயே நில்லுங்க. 60-லிருந்து 64 வயசுப் பெண்கள் 12-க்குக் கீழ போனா, அது சராசரிக்குக் குறைவு. ஐம்பதுலயே அந்த எண்ணிக்கை வந்தா இன்னும் சீக்கிரமா ஆரம்பிக்கணும். வந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதி, தேதி போட்டு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி எண்ணுங்க.

அப்படியே நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்க.