நல்ல நாளில் இடும் வரம்பு



பொருளாதாரம் தளர்ந்திருக்கும் காலத்தில் திருநாள் வந்தால் இல்லறத்தார் எவ்வளவு செலவிடலாம்? தொலைக்காட்சி, மடிக்கணினி, கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்களை வாங்கலாமா, ஒத்திவைக்கலாமா? இவ்வினாவை ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட காலம் ஒன்று உண்டு. அது 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா கண்ட கிறித்துமஸ் பருவமாகும்.

அந்நாட்டில் 2007 டிசம்பரிலேயே பொருளாதாரச் சரிவு தொடங்கிவிட்டது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அவ்வாண்டில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் மறைந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது. ஏறிய மதிப்பைக் காட்டிப் பலர் மேலும் கடன் பெற்றனர். அக்கடனிலிருந்து திருநாள் பொருள்களும் வாங்கப்பட்டன. வீட்டு விலை இறங்கியபோது அந்த வழி அடைபட்டது.

அந்நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் நன்றி நவிலும் திருநாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடியுமுன்பே கடைகள் திறந்து மின்னணுப் பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்கும். அவ்விலையில் கிடைப்பவை சிலவே. முந்தி வருவோர்க்கே அவை உரியன. 2008 நவம்பர் 28 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் பகுதியில் ஒரு பெருங்கடையின் முன் இரவெல்லாம் காத்திருந்த கூட்டம், காலை ஐந்து மணியளவில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கதவருகே நின்ற தற்காலிகப் பணியாளர் ஒருவர் கீழே விழுந்து, மிதிபட்டு உயிர்நீத்தார். அவருக்கு வயது 34. அங்கே வந்தவர்களில் எவரும் கொல்லும் எண்ணத்துடன் வரவில்லை. குறைந்த விலையும் குறைந்த நேரமும் சேர்ந்து ஒரு கூட்டத்தை எந்நிலைக்குக் கொண்டு செல்லும் என்பதை அவ்விடியல் காட்டியது.

அவ்வாண்டில் தேவைபோலத் தோன்றிய செலவு ஒன்றும் இருந்தது. பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2009 பிப்ரவரி 17 அன்று நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. புதிய தொலைக்காட்சி வாங்கியே தீரவேண்டும் என்று எண்ணியோர் பலர். உண்மையில், கூரை ஆன்டெனாவில் படம் பார்த்தோர்க்கு ஒரு சிறு மாற்றுப் பெட்டியே போதுமானது. அதற்கும் வீட்டிற்கு இரண்டுவரை, ஒவ்வொன்றும் 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை அரசே வழங்கியது. சீட்டுக்குரிய நிதி தீர்ந்து, காத்திருப்போர் பெருகியதால் இறுதி நாள் ஜூன் 12-க்குத் தள்ளப்பட்டது. ஆயினும் பழைய பெட்டியே பயன்படும் என்று கேட்டறிந்த குடும்பம் ஒரு பெருஞ்செலவைத் தவிர்த்துக்கொண்டது.

விலைச்சீட்டில் தோன்றாத செலவு தவணைத் திட்டத்தில் இருந்தது. ‘ஓராண்டுக்கு வட்டியில்லை’ என்று பல கடை அட்டைகள் விளம்பரம் செய்தன. அவற்றின் விதியைப் படித்தவர் சிலரே. 1,000 டாலர் கடனில் 950 டாலரைச் செலுத்தி, ஆண்டு முடிவில் 50 டாலர் மட்டும் நின்றாலும், வாங்கிய முதல் நாளிலிருந்து கணக்கிட்ட வட்டி முழுவதும் ஒரே நாளில் கடனுடன் சேர்ந்துவிடும். இது அந்நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில், கடன் அட்டைத் தவணைகளுக்கான ‘பூஜ்ய வட்டி’ திட்டங்களை ஏற்க மறுத்தது. அத்திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயற்கட்டணம் என்னும் பெயரில் மறைந்து வாங்குவோர் தலையிலேயே விழுகிறது என்பது அதன் விளக்கம். தீபாவளி விளம்பரங்களைக் காணும் இல்லங்கள் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

இனி, எதிர்வாதம் ஒன்றையும் கேட்க வேண்டும். மக்கள் வாங்காவிட்டால் கடை மூடும்; கடை மூடினால் தொழிலாளி வேலை இழப்பார்; ஆகவே தளர்ச்சிக் காலத்தில் சிக்கனம் பிறர்க்குத் தீங்கன்றோ என்பர் சிலர். இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அந்நாட்டின் இரண்டாவது பெரிய மின்னணுக் கடைத்தொடரான சர்க்யூட் சிட்டி, விற்பனை மிகும் பருவத்தின் வாயிலில், 2008 நவம்பர் 10 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. 2009 ஜனவரியில், எஞ்சிய 567 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 34,000 பேர் வேலை இழந்தனர். அக்குடும்பங்களின் துயரம் உண்மையானது.

ஆயினும், வாங்காதவரின் சிக்கனமே அக்கடைகளை வீழ்த்தியது என்பது பொருந்தாது. 2007-இல் அந்நிறுவனம் செலவைக் குறைப்பதற்காக, கூடுதல் ஊதியம் பெற்ற விற்பனையாளர் 3,400 பேரை நீக்கியது. அவர்களுடன் அனுபவமும் வெளியேறியது. நெருக்கடி முற்றியபோது சரக்கு அளிப்போர் கடனுக்குத் தர மறுத்து முன்பணம் கேட்டனர். மக்களும் வாங்குவதை அடியோடு நிறுத்திவிடவில்லை. 250 டாலர் விலையுள்ள நின்டெண்டோ வீ என்னும் விளையாட்டுக் கருவி, அவ்வாண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் மாதந்தோறும் 20 லட்சத்துக்கு மேல் அந்நாட்டில் விற்றது. குடும்பம் முழுவதும் கூடி வீட்டிலேயே விளையாடக்கூடிய பொருள் அது. விலை குறைந்த சிறு மடிக்கணினிகளும் நன்கு விற்பனையாயின.

பெரும் வீழ்ச்சிக்குக் காரணம், வளமான ஆண்டுகளில் வருவாய்க்கு மீறிச் செலவிட்டவர்கள் அனைவரும் ஒரே நாளில் கையை மூடியதே ஆகும். நல்ல காலத்தில் அளவோடு வாங்கிய குடும்பம், தீய காலத்தில் திடுமென நிறுத்த வேண்டியதில்லை. பத்தாண்டு அளவோடு வாங்குவோரால் கடைக்காரரும் தொழிலாளியும் நிலையாக வாழ்வர். ஆகையால் சிக்கனத்தைத் தொடங்க வேண்டிய காலம் வளமான காலமே.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவதாகிய மிகுபொருள் வரைதல் கூறுவதும் இதுவே. அது பொருளை முற்றும் துறக்கச் சொல்லவில்லை. இவ்வளவு போதும் என்னும் எல்லையை, ஆசை எழும் முன்னரே, தானே வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. கடையின் கழிவு விலை விற்பவரின் தேவையைக் காட்டுகிறது. வீட்டின் தேவை எவ்வளவு என்பதை அது அறியாது. சர்க்யூட் சிட்டியின் இறுதி விற்பனையிலேயே இது புலனாயிற்று. அங்கே பட்டியல் விலையிலிருந்து கழிவு கணக்கிடப்பட்டதால், அடுத்த கடையின் வழக்கமான விலையைவிடக் கூடுதலாக விற்ற பொருள்களும் இருந்தன. வாங்கியதைத் திருப்பித் தரவும் வழியில்லை.

ஆதலின் திருநாளுக்கு இரண்டு திங்கள் முன்னரே, விளம்பரம் எதுவும் கண்முன் இல்லாத ஒரு மாலையில், குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து ஒரு தொகையை எழுதி வைப்பது நன்று. மிகுந்த வருவாய் வந்த ஆண்டை அளவாகக் கொள்ளாமல், நடுத்தரமான ஆண்டை அளவாகக் கொள்ள வேண்டும். பழைய பொருள் பழுதா, சலிப்பா என்று கேட்டறிய வேண்டும். பழுதெனில், சீர்செய்ய ஆகும் செலவை முதலில் விசாரிக்க வேண்டும். தவணையில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு செலுத்த நேரும் என்பதைக் கூட்டி எழுத வேண்டும். இந்தக் கணக்கில் பிள்ளைகளும் பங்கு பெறட்டும். தொகை எவ்வாறு முடிவாயிற்று என்பதை அறிந்த பிள்ளை, பக்கத்து வீட்டுப் பெரிய திரையைக் கண்டு ஏங்குவது குறையும்.

மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாகத் தீபாவளியைப் போற்றும் குடும்பங்களுக்கு, விளக்கேற்றும் முன் இந்தக் கணக்கை எழுதி முடிப்பது புதிய சுமையாகாது. எழுதிய தொகைக்குள் வாங்கிய பொருள் சிறிதாயினும் அது கடனின்றி வீட்டிற்குள் வரும். அடுத்த ஆண்டு தளர்ச்சி வந்தாலும் அவ்வீட்டின் திருநாள் குறைவுபடாது.