கோப்பு முடியும்வரை குழந்தை காத்திருக்குமா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பைத் தமிழர்களாகிய நாம் இந்தக் கூட்டங்களில் வழக்கமாகப் பேசுவது ரேஷன் அட்டை, குடிசை, தமிழ்வழிப் பள்ளி ஆகியவற்றைப் பற்றி. இன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது, தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் வளரும் பிள்ளைகளின் பிரச்சினை. "இது நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். பெற்றவரைப் பிரிந்து வளரும் பிள்ளையின் மனம் நமக்குத் தெரியாததா? நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை நெல்லையிலும் தூத்துக்குடியிலும் ஆச்சியிடம் விட்டுவிட்டு இங்கே பிழைக்கிறோம்!

ஆனால் நமக்கு ரயில் இருக்கிறது. லீவு கிடைத்தால் தாதரிலோ குர்லாவிலோ வண்டி ஏறுகிறோம். ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் பிள்ளையைப் பொங்கலுக்குப் பார்த்துவிடுகிறோம். 5 வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டே வேண்டாம் என்பது ரயில்வே விதி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடந்து தகப்பனைப் பார்க்க முடியாமல் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஒரு சிறுமியை வைத்துப் பார்ப்போம். அவளுடைய பெற்றோர் 1990-இல் சிறுவயதில் படகில் வந்தவர்கள். அவள் 2012-இல் மண்டபம் முகாமில் பிறந்தாள். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒத்துப்போகவில்லை. தகப்பன் மன்னாருக்குத் திரும்பிவிட்டார். அவள் தாயோடு முகாமில் இருக்கிறாள். இவள் எந்த நாட்டுக் குழந்தை?

நமது குடியுரிமைச் சட்டம் தேதியைப் பார்த்துப் பதில் சொல்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பிறப்பே போதும். அதற்குப் பின் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. ஆக, அந்தச் சிறுமி இங்கேயே பிறந்தும் இந்தியப் பிரஜை இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

அப்படியானால் இலங்கைப் பிரஜையா? பெற்றோர் வழியாக அந்த உரிமை உண்டு. ஆனால் வெளிநாட்டில் பிறந்த குழந்தை என்பதால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக அவளைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்று வேண்டும். திருமணச் சான்று வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் ஏறியவர்கள் சான்றிதழ்களை எடுத்து வந்தார்களா? தகப்பனின் தாள்கள் தகப்பனிடம் இருக்கின்றன. அவர் கடலுக்கு அப்பால். போதாக்குறைக்கு மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லை. தகப்பனைப் பார்க்கத் தாள் வேண்டும். தாள் வாங்கத் தகப்பன் வேண்டும்! இந்தச் சுழலில்தான் கோப்பு வருடக்கணக்கில் நிற்கிறது.

பாடுபட்டுத் தாள் வாங்கிவிட்டாள் என்றே வைப்போம். நாட்டைவிட்டு வெளியேற இந்திய அரசின் அனுமதி வேண்டும். தாயகம் திரும்புகிறேன் என்றால் அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. போனவர்களின் பெயர் முகாம் பதிவிலிருந்து எடுக்கப்படும். உதவித்தொகையும் நிற்கும். பள்ளி விடுமுறைக்குப் போய், ஒரு மாதம் தகப்பனோடு இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்குத்தான், திரும்பி வரும் உரிமையை உறுதிசெய்யும் தாள் கையில் இல்லை. எந்தத் தாய் துணிந்து அனுப்புவாள்?

சிலர், நீதிமன்றம் போகலாமே என்கிறார்கள். போகலாம். குழந்தையைத் தகப்பன் பார்க்கலாம் என்று உத்தரவு வாங்கலாம். அந்த உத்தரவு கடவுச்சீட்டு ஆகாது. தகப்பனே வரட்டுமே என்கிறார்கள். அவருக்கும் கடவுச்சீட்டும் விசாவும் கப்பல் கூலியும் வேண்டும். முகாமுக்குள் நுழைய அதிகாரிகளின் அனுமதியும் வேண்டும். மன்னாரில் வலை இழுப்பவர் இதை வருடத்துக்கு எத்தனை தடவை செய்ய முடியும்? கைபேசியில் முகம் பார்க்கலாமே என்று சொல்பவர்கள், தம் பிள்ளையோடு அப்படி மட்டுமே பத்து வருடம் இருந்து பார்க்கட்டும்.

தோழர்களே, ரயில்வேயில் வேலை செய்யும் எங்களுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. எழும்பூரில் வண்டி ஏறியவர்கள் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே வருடம் அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்போதும் குடும்பங்கள்தான் உடைந்தன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நல்லது. ஆனால் முகாம் பிள்ளை அதில் ஏற முடியவில்லையே!

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்றது. வரவேற்கிறோம். சிறைப் பயம் நீங்கியது. பயணத்துக்கு வழி பிறக்கவில்லை. 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது பசியால் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆணையும் இல்லை.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இலங்கை 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தன. பெற்றோர் இரு வேறு நாடுகளில் இருந்தாலும், இருவரோடும் தொடர்ந்து நேரடி உறவு வைத்திருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. வழி தெரியவில்லை என்று டில்லி சொல்ல முடியாது. 1967-ஆம் வருடத்துக் கடவுச்சீட்டுச் சட்டத்திலேயே அடையாளச் சான்று என்ற பயணத் தாள் இருக்கிறது. திபெத்திய அகதிகள் அதை வைத்துக்கொண்டு வெளிநாடு போய்த் திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நியாயம். அதே நியாயத்தைத்தான் முகாம் பிள்ளைக்கும் கேட்கிறோம்.

எனவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று: குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, திரும்பி வரும் உரிமையோடு பயணத் தாள் கொடு. இரண்டு: அப்படிப் போய்வரும் பிள்ளையின் பெயரை முகாம் பதிவிலிருந்து எடுக்காதே. மூன்று: பிரிந்திருக்கும் பெற்றவரின் சான்றிதழ்களைத் தேடி எடுக்க இரு அரசுகளும் உதவட்டும், அந்தச் சுமையைத் தனித்திருக்கும் தாயின் தலையில் ஏற்றாதே.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முகாம்களில் உறவினர் உள்ள தோழர்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த மாதம் டில்லிக்கு அனுப்பும் மனுவில் கையெழுத்துப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.

குடியுரிமை எந்த நாட்டுடையது என்பதை அரசுகள் நிதானமாக முடிவு செய்யட்டும். தகப்பன் யார் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். 2012-இல் பிறந்தவள் 2030-இல் குழந்தையாக இருக்கமாட்டாள். அதற்குள் அவள் தகப்பனைப் பார்த்துவிட வேண்டும்.