வண்டி இல்லாத வீட்டிலும் பெட்ரோல் செலவு

(மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் நமக்குள்ளேயே ஒரு தகராறு நடந்தது. டாக்சி ஓட்டும் தோழர் ஒருவர் எழுந்து, கேஸ் விற்கிற விலைக்கு மீட்டர் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, அதைக் கூட்டச் சொல்லிச் சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்றார். வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் உடனே எழுந்து, "நீங்க கூட்டிக்கிட்டே இருங்க, நாங்க காய்ச்சக்காரப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போறோம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "நம்மகிட்ட வண்டியா இருக்கு, வாகனமா இருக்கு? பெட்ரோல் ஏறுனா பணக்காரனுக்குத்தான கஷ்டம்? இதுல சங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

மூவருமே நம்மவர்கள். மூவருக்கும் பதில் சொல்லும் கடமை சங்கத்துக்கு உண்டு. அதற்காகவே இன்று பேசுகிறோம்.

முதலில் பெரியவரின் கேள்வி. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, பாத்திரத்தைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக விற்கும் நம் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் இல்லை. ஆனால் அரிசி லாரியில் வருகிறது. உளுந்து லாரியில் வருகிறது. சட்னிக்குத் தேங்காய் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. அடுப்புக்கு கேஸ் சிலிண்டரும் லாரியில்தான் வருகிறது. அப்படியானால் அந்த இட்லியில் டீசல் இல்லை என்று சொல்ல முடியுமா?

சரி, எவ்வளவு இருக்கிறது? இங்கேதான் நாம் கணக்குப் பார்க்கப் பழக வேண்டும். குமாஸ்தா புத்தி என்று சிரிக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தேங்காய் ஏற்றி வரும் லாரி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடுவதாக வைப்போம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 400 லிட்டர் டீசல். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் ஒரு நடைக்கு 4,000 ரூபாய் கூடுதல். லாரியில் 15 டன் சரக்கு இருந்தால் கிலோவுக்கு 27 பைசா. காலியாகவே திரும்பிப் போகிறது என்று வைத்து இரட்டித்தாலும் 54 பைசாதான்.

ஆனால் கடையில் என்ன நடக்கிறது? "டீசல் ஏறிப்போச்சு அம்மா" என்று சொல்லி 2 ரூபாய், 3 ரூபாய் ஏற்றுகிறார்கள். டயர், டோல், ஏற்றுகூலி எல்லாம் கூடத்தான் செய்யும். விளைச்சல் குறைந்தாலும் விலை ஏறும். அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் டீசலின் தலையில் கட்டும்போது, "அண்ணாச்சி, டீசலுக்கு அரை ரூபாய், மீதி எதுக்கு?" என்று கேட்க நம் தாய்மார்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு டீசல் இறங்கினால் கடை விலை இறங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. ஹோட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிமார்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், அவருக்கு ஏறத்தாழ 2.7 லிட்டர் வேண்டும். பெட்ரோல் 10 ரூபாய் ஏறினால் நாளைக்கு 27 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 700 ரூபாய். தேங்காயில் பைசாவாகப் பரவிப்போன அதே 10 ரூபாய், இந்தத் தம்பியின் தலையில் மொத்தமாக விழுகிறது. காரணம் என்ன? கம்பெனியின் வேலைக்குத் தொழிலாளி தன் சொந்தக் காசில் பெட்ரோல் போடுகிறார். மில்லில் தறி ஓட்டியவனை, மின்சாரக் கட்டணத்தை நீயே கட்டு என்று எந்த முதலாளியாவது சொன்னதுண்டா? அந்த 700 ரூபாய் எங்கே குறைகிறது தெரியுமா? ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதா மாதம் அனுப்பும் பணத்தில் குறைகிறது.

தோழர்களே, 10 ரூபாய் என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை 137 நாள் பெட்ரோல், டீசல் விலை அசையாமல் நின்றது. தினசரி விலை மாற்றம் என்ற ஏற்பாடு 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் இருந்தும் நின்றது. அந்த இடைவெளியில்தான் 5 மாநிலத் தேர்தல்கள் நடந்தன. தேர்தல் முடிந்தது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாளில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. உலகச் சந்தைதான் விலையை முடிவு செய்கிறது என்றார்கள். உலகச் சந்தைக்கு நம் நாட்டுத் தேர்தல் தேதி எப்படித் தெரிந்தது?

வரியையும் பாருங்கள். 2014-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசின் கலால் வரி 9 ரூபாய் 48 காசு; டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு. 2020-இல் கொரோனா ஊரடங்கில் நாம் வேலையிழந்து, சொந்த ஊருக்கு நடந்தும் லாரி ஏறியும் போன அந்த மே மாதத்தில், ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியைக் கூட்டினார்கள். வரி பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசு, டீசலுக்கு 31 ரூபாய் 83 காசு என்று போய் நின்றது. அன்று பங்கில் விலை ஏறவில்லை. ஏனென்றால் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குச் சரிந்திருந்தது. நமக்கு வந்து சேர வேண்டிய அந்த இறக்கம் கஜானாவுக்குப் போனது. கச்சா எண்ணெய் திரும்ப ஏறியபோது அந்த ஏற்றம் மட்டும் நமக்கு வந்தது. 2021 மே 29 அன்று மும்பையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் வரியைக் குறைத்தார்கள். என்றாலும் 2014-இன் அளவுக்கு அது இறங்கவில்லை.

மாநில அரசும் கைசுத்தம் என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை வரை மும்பை, தானே, நவி மும்பைக்காரர்களுக்கு மராட்டியத்தின் மற்றப் பகுதிகளைவிட அதிக வரி. நம் தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் மாநிலங்களின் கஷ்டமும் உண்மையே. 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய 27 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசுதான். மீதி செஸ் என்றும் கூடுதல் வரி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு டெல்லியிலேயே தங்கிவிட்டது.

இதில் கட்சி பார்க்க ஒன்றுமில்லை. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்கு வந்தார். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது காங்கிரஸ் தலைமையிலான அரசு. 2014 அக்டோபரில் டீசலுக்கு நீக்கியது பா.ஜ.க. அரசு. எதிர்க்கட்சியாக இருந்தால் மாட்டு வண்டி, ஆளுங்கட்சியானால் கார்!

அடுப்புக்கு வருவோம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கான மானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 2020 மார்ச்சில் இல்லாமலே போனது. சமையல் கேஸுக்கு வங்கியில் விழுந்துகொண்டிருந்த மானியம் அதே ஆண்டு நடுவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நின்றது. வாடகைக் கோலியில் இருக்கும் நமக்கு விலாசச் சான்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வாலா இரண்டாம் கட்டத்தில், பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் ரேஷன் கார்டோ விலாசச் சான்றோ இல்லாமல், தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை வைத்து இணைப்புக் கேட்கலாம் என்று விதி செய்தார்கள். ஏஜென்சியில் "பேப்பர் இல்லை, போ" என்று விரட்டப்பட்ட தாய்மார்கள் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.

இப்போது டாக்சித் தோழருக்கும் அக்காவுக்கும் வருகிறோம். டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 2022 அக்டோபரில் 25-இலிருந்து 28 ரூபாயாகவும், 2025 பிப்ரவரியில் 31 ரூபாயாகவும் ஆனது. அதே 2025 மே மாதம் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. அதாவது அக்காவுக்கு டாக்சியும் எட்டவில்லை, பஸ்ஸும் இரட்டித்துவிட்டது. டாக்சித் தோழருக்கோ, கூட்டிய கட்டணம் கேஸுக்கும் வண்டி வாடகைக்குமே போய்விடுகிறது. இரண்டு பேருமே இழந்தவர்கள். இழந்தவர்கள் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால், வாங்கிக்கொண்டவன் நிம்மதியாகப் போய்விடுவான்.

ரயில்வேக்காரர்களாகிய நாங்கள் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். விலைவாசி ஏறினால் எங்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிட்டுப் பஞ்சப்படி தருகிறார்கள். அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விலைவாசி நெருப்பாய் எரிந்தபோது, 1974 மே மாதம் எங்கள் மூத்தவர்கள் 20 நாள் வேலைநிறுத்தம் செய்து சிறைக்கும் போனார்கள். அப்படிப்பட்ட போராட்டங்கள் காத்த உரிமை இது. 2020-இல் அந்தப் பஞ்சப்படியையே ஒன்றரை ஆண்டு முடக்கினார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் இட்லி விற்கும் அக்காவுக்கும், தோல் பட்டறைத் தம்பிக்கும், சாப்பாடு சுமக்கும் தம்பிக்கும் எந்த ஜனவரியில் பஞ்சப்படி வருகிறது? ஒரே கோலிச் சுவரின் இந்தப் பக்கம் படி உண்டு, அந்தப் பக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது துரோகம்.

ஆகவே 3 வேலைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். ஒன்று, சாப்பாடு கொண்டுபோகும் தம்பிமார்கள் தினம் ஓடிய கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், கைக்கு வந்த கூலி மூன்றையும் ஒரு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கிலோமீட்டருக்கு எரிபொருள் படி என்ற கோரிக்கையை அந்த நோட்டுகளோடு எடுத்துப் போவோம். இரண்டு, பட்டறைத் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியில் விலைவாசியோடு ஏறும் விசேஷப் படி என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கூலியில் அது சேர்ந்திருக்கிறதா என்று உடன் உட்கார்ந்து பார்ப்போம். மூன்று, டாக்சித் தோழரும் அக்காவும் சேர்ந்தே ஒரு மனுவில் கையெழுத்துப் போடட்டும்: எரிபொருள் வரியைக் குறை, பஸ்ஸைக் கூட்டு, பஸ் கட்டணத்தைக் குறை.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வாருங்கள்.