கல் தட்டும் துப்பாக்கி கற்றுத் தந்த பாடம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவன் துப்பாக்கி பற்றிப் பேசப் போறானாமே" என்று மதியச் சாப்பாட்டிலேயே என் அறைத்தோழன் கிண்டல் செய்துவிட்டான். பயப்படாதீர்கள். நான் சேர்ப்பவை ஏறக்குறைய இருநூறு வயதான அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகள். பார்ப்பதற்குத்தான், சுடுவதற்கு அல்ல.

வேலைக்காக மாசசூசெட்ஸ் போனவன், ஒரு விடுமுறை நாளில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையைப் பார்க்கப் போனேன். 1794-ல் தொடங்கி 1968-ல் மூடிய இடம், இப்போது அருங்காட்சியகம். அங்கே பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

இதன் வேலை எளிது. சுத்தியலின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி சின்னக் கிண்ணத்தில் உள்ள மருந்தில் விழும். அந்த நெருப்பு பக்கத்துத் துளை வழியாகக் குழலுக்குள் போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். மழை பெய்தால் அம்பேல்!

அமெரிக்கா 1795-ல் முதலில் செய்த மஸ்கெட், பிரான்சின் ஷார்ல்வில் துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த வருஷம் முடிந்தவை வெறும் 245. எல்லாம் அரம் பிடித்த கை வேலை. ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. 1798-ல் எலி விட்னி 10,000 துப்பாக்கிகளை இரண்டே வருஷத்தில் தருவதாக ஒப்பந்தம் போட்டார். கொடுத்து முடித்தது 1809-ல்! நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டை விட மோசம். பாகங்களை மாற்றிப் பொருத்தலாம் என்று அவருக்குப் பெரிய பெயர். ஆனால் பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது அவை மாறிப் பொருந்தவில்லை. அதை உண்மையில் செய்து காட்டியவர், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் 1820-களில் ரைபிள் செய்த ஜான் ஹால். பேர் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு.

இப்போது என் கதை. ஒரு வியாபாரியிடம் 1816 மாடல் மஸ்கெட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். "மாற்றமே செய்யாத அசல்" என்றார். 1840, 50-களில் ராணுவம் பல்லாயிரம் கல் துப்பாக்கிகளை, தீபாவளிக்கு நாம் வெடிக்கும் கேப் போன்ற முறைக்கு மாற்றியது. கிண்ணத்தை அறுத்தார்கள், அந்த இடத்தைப் பித்தளையால் அடைத்தார்கள், சுத்தியலை மாற்றினார்கள். அப்படி மாறாதவற்றுக்குத்தான் விலை அதிகம். அதனால் சிலர் மாறியதை மறுபடி கல் துப்பாக்கியாக்கி, அசல் என்று விற்பார்கள்.

ஒரு இரவு பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பலமுறை சுட்ட துப்பாக்கியில் துளையைச் சுற்றி நெருப்பு அரித்த குழிகள் இருக்க வேண்டும். என்னுடையதில் அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. குழலின் மேல், அடைத்த துளையின் வட்டம் மங்கலாகத் தெரிந்தது. மறு மாற்றம்தான். தூக்கம் வரவில்லை.

வியாபாரி கைவிரித்துவிட்டார். மறு மாதக் கண்காட்சியில் ஒரு இளைஞர் என் மேஜைக்கு வந்து, அதே துப்பாக்கியை நான் கொடுத்த விலைக்கே கேட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் பணம் திரும்பியிருக்கும்.

அப்போது நம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் வந்தது. முதல் வருஷம் சீனியர் செய்த ஜாபில் என் நம்பரைக் குத்திக் கொடுத்தேன். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "தம்பி, இந்த அரக்கோடு உன் கையோடது இல்லையே" என்றார். திட்டவில்லை. புது இரும்பைக் கையில் கொடுத்தார். அதை ராவி முடிப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அந்த இளைஞரிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, துளையைக் காட்டினேன். அவர் வாங்கவில்லை. நன்றி சொல்லிப் போனார். அந்தத் துப்பாக்கி இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கீழே ஒரு அட்டையில், "1840-50-களில் மாற்றப்பட்டது, பின்னர் யாரோ திரும்ப மாற்றியது" என்று எழுதி வைத்திருக்கிறேன். என் சேகரிப்பில் விலை குறைந்தது அதுதான். வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவதும் அதைத்தான்.

தம்பி தங்கைகளே, இரும்பு பொய் சொல்லாது. அதன் மேல் நம்பர் குத்தும் கை சொல்லலாம். உங்கள் கை சொல்லாமல் இருக்கட்டும்.