கையால் சுற்றும் சலவை இயந்திரம்

மின்சாரம் இல்லாத வீட்டில் சலவை இயந்திரம் ஓடுமா? ஓடும்.

1851-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் கிங், உருளை வடிவச் சலவை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழலும். துணி சோப்பு நீரில் புரண்டு அழுக்கு நீங்கும். தேய்க்கும் வேலை குறைந்தது. ஆனால், தண்ணீர் சுமப்பதும் சூடாக்குவதும் பெண்கள் தலையிலேயே விழுந்தன.

மின்சாரம் வந்ததும் கைப்பிடி மறைந்துவிட்டது என்று நினைக்கலாம். மறையவில்லை. தமிழ்நாட்டுக் குயிலாப்பாளையத்தில், பக்கத்து வீட்டுப் பெண் துணி துவைக்கப் படும் பாட்டைக் கண்ட பிரிட்டிஷ் பொறியாளர் நவ்ஜோத் சாஹ்னி, 2018-இல் கையால் சுற்றும் இயந்திரத்துக்கான திட்டத்தைத் தொடங்கினார். அப்பெண்ணின் பெயரான 'திவ்யா'வையே அதற்குச் சூட்டினார். ஈராக் அகதி முகாம்களுக்கும் அது சென்றது.

பழையதென்று ஒதுக்கிய கைப்பிடி, மின்வசதி எட்டாத வீடுகளில் இன்றும் பெண்களின் முதுகை நிமிர்த்துகிறது.