நேற்றும் நாளையும் ஒரே பட்டறையில்

இன்று பட்டம் பெறும் காட்சித் தொடர்பியல் மாணவச் செல்வங்களே,

உங்களில் சிலருக்குச் சரித்திரப் படம் எடுக்க ஆசை. சிலருக்கு அறிவியல் புனைகதைப் படம் எடுக்க ஆசை. ஒன்று ராஜா ராணி கதை, மற்றது ராக்கெட் கதை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் வேண்டியது ஒரே உழைப்பு, ஒரே பொறுப்பு என்று சொல்லத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1968இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற விண்வெளிப் படத்தை எடுத்தார். 1975இல் அவர் எடுத்த ‘பேரி லிண்டன்’ 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடக்கும் கதை. அந்தக் காலத்து மாளிகையில் இரவு வெளிச்சம் என்றால் மெழுகுவத்திதான். படத்திலும் அந்த வெளிச்சமே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வழக்கமான சினிமா லென்ஸுக்கு அது போதாது. நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்திருந்த, எஃப் 0.7 அளவுக்கு அகலமாகத் திறக்கும் 50 மி.மீ. லென்ஸைத் தேடிப் பிடித்தார். அது கேமராவில் பொருந்தவில்லை. லென்ஸின் பின்கண்ணாடி பிலிமை ஒட்டி நிற்க வேண்டியிருந்ததால், மிட்செல் கேமராவையே பிரித்து மாற்றியமைத்தார்கள். அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை நிறுத்தி, அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து ஃபோகஸ் வைத்தார்கள். சீட்டாட்ட மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் ஓவியத்தில் இருப்பவர்கள் போல நிதானமாக அசைவதற்கு அந்த லென்ஸும் ஒரு காரணம். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இரவைக் காட்ட விண்வெளி யுகத்தின் கண்ணாடி தேவைப்பட்டது.

அடுத்து ஜான் மோலோ. ராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஆழ்ந்து படித்தவர். அதே ‘பேரி லிண்டன்’ படத்துக்குச் சீருடை ஆலோசகர். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஆடை வடிவமைத்து ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படத்தின் பேரரசு அதிகாரிகளைப் பாருங்கள். அந்தத் தொப்பியும், இறுக்கமான மேலங்கியும், முழங்கால் பூட்ஸும் பழைய ஜெர்மானிய ராணுவத்தை நினைவூட்டும். இவன் கொடுங்கோலன் என்று பார்வையாளருக்குச் சொல்ல வசனம் தேவைப்படவில்லை. அதே மோலோதான் ‘காந்தி’ படத்துக்காக நம் பானு அத்தையாவோடு ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார். நம் நாட்டிலும் சாபு சிரில் ‘எந்திரன்’ படத்துக்கும் ‘பாகுபலி’ படத்துக்கும் கலை இயக்கம் செய்திருக்கிறார்.

ஒரே கைகள் இரண்டிலும் எப்படித் தேர்கின்றன? இன்றைய கதையை எடுத்தால் தெருவே பாதி செட். டீக்கடை, பஸ், சுவரொட்டி எல்லாம் தானாக வந்து சேரும். இந்த இரண்டு வகையிலும் எதுவுமே தானாக வராது. ஒரு பெண் தண்ணீர் குடிக்கிறாள் என்று எழுதிவிடலாம். எதில் குடிக்கிறாள்? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கொண்டுவந்து கொடுத்தவர் யார்? அவர் அவள் எதிரில் உட்காரலாமா, நிற்க வேண்டுமா? சோழர் காலமானாலும் செவ்வாய்க் கிரகமானாலும் இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரியாமல் கேமராவை ஓடவிட முடியாது. பாத்திரத்தில் தொடங்கிய கேள்வி அந்தச் சமூகத்தின் அமைப்பில் போய் நிற்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே எடுக்கப்பட்ட காலத்தைக் காட்டிக்கொடுக்கும். குப்ரிக்கின் 2001ஆம் ஆண்டில் பான் ஆம் விமானம் பயணியை விண்வெளிக்கு ஏற்றிச் செல்கிறது, சோவியத் விஞ்ஞானிகள் அங்கே அவரோடு உரையாடுகிறார்கள். உண்மையில் அந்த விமான நிறுவனமும் சோவியத் ஒன்றியமும் 1991லேயே முடிந்துபோயின. 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன், 1959இல் வந்த படத்தில் அன்றைய நாடக மேடைத் தமிழில் முழங்குகிறார். சுதந்திரம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன மக்கள் கேட்க விரும்பிய குரல் அது. அறியாத காலத்தை வைத்து நாம் நம் காலத்தைத்தான் பேசுகிறோம். அதனால்தான் இந்தப் படங்கள் முக்கியமானவை.

அதனால்தான் பொறுப்பும் கூடுகிறது. நேற்றைக் கண்ணால் பார்த்தவர் இல்லை, நாளையைப் பார்த்தவரும் இல்லை. திரையில் நீங்கள் காட்டுவதையே பலர் வரலாறாக நம்புவார்கள், நீங்கள் காட்டுவதையே எதிர்காலமாக நினைத்து ஏங்குவார்கள் அல்லது அஞ்சுவார்கள். பொய்ப் பெருமையை விற்பதும் பொய்ப் பயத்தை விற்பதும் சுலபம். இரண்டையும் செய்யாதீர்கள்.

கற்பனைக்கு முன்னால் படியுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய் உட்காருங்கள். கல்வெட்டு படிப்பவரிடமும் ராக்கெட் என்ஜின் சோதிக்கும் பொறியாளரிடமும் கூச்சமின்றிக் கேளுங்கள். கோட்டையைக் காட்டும்போது கல் சுமந்தவரையும் காட்டுங்கள். விண்வெளி நகரத்தைக் காட்டும்போது அதைப் பெருக்குபவர் யார், அவருக்கு என்ன கூலி என்று கதைக்குள் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் படமே நிலைக்கும். அப்படிப்பட்ட படங்களை எங்களுக்குத் தாருங்கள்.