தாதியாக வேண்டுமானால் எந்தப் படிப்பு?

(நோட்டன் பிரிட்ஜில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரீட்சை முடிவுகள் வந்ததும் எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது. "மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். போனிலேயே படிக்கலாமாம், சேர்க்கலாமா?" கேட்பவர் கையில் ஒரு விளம்பரம் இருக்கும். ஆறு மாதம், முடித்ததும் வெளிநாட்டு வேலை என்று போட்டிருக்கும். காசு கட்டுவதற்கு முன் கேட்கிறீர்களே, அதுவே நல்லது. பதிலை எல்லோருக்கும் சேர்த்து இன்று சொல்கிறோம்.

வார்ட்டில் பயிற்சி பெறாமல், போனில் மட்டும் படித்து யாரும் பதிவு பெற்ற தாதியாக முடியாது. ஊசி போடுவதையும், சேலைன் ஏற்றுவதையும், புண்ணைக் கழுவி மருந்து கட்டுவதையும் படத்தில் பார்க்கலாம். கை பழகுவது நோயாளியின் பக்கத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில்தான். வீடியோ பார்த்துக் கொழுந்தெடுக்கப் பழகியவர் நம்மில் யாராவது உண்டா?

நேரான வழிகள் இரண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா உட்படப் பல இடங்களில் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு. கட்டணம் இல்லை, படிக்கும் காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை வந்த அறிவித்தல்களில் முக்கியமாகக் கேட்கப்பட்டது உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தி. மற்றது, பல்கலைக்கழகத்தின் நான்கு வருடத் தாதியர் பட்டம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆண் பிள்ளைகளும் இந்த இரண்டு வழியிலும் போகலாம்.

அப்படியானால் தூரத்திலிருந்து படிப்பதே வீணா? இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஏற்கெனவே பயிற்சி முடித்து வேலை செய்யும் தாதியர், வேலையை விடாமல் பட்டம் பெறுவதற்காகத் தொடங்கியது அது. இந்தியாவில் இந்திரா காந்தி திறந்த பல்கலைக்கழகம் நடத்திய தாதியர் பட்டப்படிப்பும் பதிவு பெற்ற தாதியருக்கே. முதலில் வார்ட்டு, பிறகு தொலைக்கல்வி. இந்த ஒழுங்கை மாற்றிச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஆங்கிலமும் கணினியும் போனில் படிக்கட்டும், தடையில்லை. ஆனால் 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பட்டதை மறக்க வேண்டாம். மேட்டு லயத்தில் சிக்னல் கிடைத்தது, பள்ளத்து லயத்தில் கிடைக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன்.

காசைப் பார்ப்போம். ஒரு படிப்புக்கு ஒரு இலட்சம் ரூபாய் கேட்கிறார்கள் என்று வையுங்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு இலட்சம் என்பது 75 பேர். பிடிப்பனவு எதையும் கழிக்காமல், வீட்டில் ஒரு நேரம் அடுப்பு எரியாமல், 75 நாள் வேலை. அதற்காகத் தோட்டை அடகு வைக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்; பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று: முடித்தால் தாதியாகப் பதிவு கிடைக்குமா, அல்லது பராமரிப்பாளர், உதவியாளர் சான்றிதழ்தானா? பராமரிப்பாளர் வேலையும் மரியாதையான வேலை. ஆனால் அது தாதி உத்தியோகம் ஆகாது. தெரிந்து சேர வேண்டும்.

இரண்டு: தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா? என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்?

மூன்று: எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம் பயிற்சி?

நான்கு: பரீட்சை, உடுப்பு, பயணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் நின்றால் காசு திரும்புமா?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். பத்திரங்களை எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

பெற்றோரே, இந்தப் பயணம் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கைவிட்ட பிள்ளைக்குப் பிறகு அந்த வாசல் திறப்பது கஷ்டம். நமது பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ளவை சிலதான். மற்றப் பிள்ளைகள் ஊர் விட்டுப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும், அல்லது வேறு பாடம் எடுக்க வேண்டும். ஆகவே சம்பளத்தைப் போலவே விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை என்று நினைக்கிறோம். அந்தக் கோரிக்கை மனுவில் இன்று கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.

டிக்கோயாவில் 2017இல் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டிடம் வந்தது. வயிற்று வலியைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாத நம் அம்மாயியின் பேச்சு புரிகிற தாதி அங்கே நிற்க வேண்டும். அந்தத் தாதி நம் லயத்துப் பிள்ளையாக இருக்கட்டும். குறுக்கு வழியில் காசை இழக்காமல், நேர் வழியில் அனுப்புவோம்.